சிகரெட்டை விட வாங்கிய வேப், இப்போது இரண்டும் ஓடுகிறது

ஈரத்தீக்குச்சி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வயது 36. இருபதில் பிடித்த பழக்கம், நாளொன்றுக்கு 15 சிகரெட் வரை போய்க்கொண்டிருந்தது. எட்டு மாதம் முன்பு, இதை விட்டே தீருவது என்று ஒரு வேப் (மின்சிகரெட்) வாங்கினேன். முதல் இரண்டு வாரம் அற்புதம். சிகரெட் பக்கமே போகவில்லை. வீட்டில் எல்லோரிடமும் 'விட்டாச்சு' என்று சொல்லியும் வைத்தேன். மூன்றாவது வாரம் வேலையில் ஒரு நெருக்கடி. ஒன்றே ஒன்று என்று வாங்கினேன். அப்புறம் என்ன, தெரிந்த கதைதான்.

இன்றைய நிலவரம்: சிகரெட் 7 அல்லது 8. சிகரெட் பிடிக்க முடியாத இடத்தில் எல்லாம் வேப். கழிவறையில், காரில், கூட்டம் நடக்கும்போது கைக்குள் மறைத்து, இரவு கண்ணை மூடும் வரை படுக்கையில். முன்பெல்லாம் புகைக்காத நேரம் என்று ஒன்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இருந்தாலும் மனசு 'பாதி விட்டாச்சு' என்று கணக்குச் சொல்கிறது.

நான் நிஜமாகவே பாதி வழி வந்திருக்கிறேனா? இங்கிருந்து முழுசாக வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், அது வீட்டிலேயே கிடைக்கிறது.

மேகக்கூட்டம்

பாஸ், சிகரெட்டைத் தூக்கி எறியுங்கள், வேப்பை வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தது வேலை. நான் மூன்று வருடமாக வேப் மட்டும்தான். காலை இருமல் போயிற்று, சட்டையில் நாற்றம் இல்லை. வெறும் நீராவிதானே, அதில் என்ன இருக்கிறது?

கணக்கப்பிள்ளை

'வெறும் நீராவி' என்று சொன்னதை மட்டும் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. தண்ணீர் கொதித்து வருகிற ஆவி இல்லை அது. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள்கள், நிகோடின் எல்லாம் கலந்த திரவத்தை ஒரு சூடான கம்பிச்சுருள் நுண்துளிகளாக்கி உங்கள் நுரையீரலுக்கு அனுப்புகிறது. சுருள் அளவுக்கு மீறிச் சூடேறினால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களும் அந்தத் துளிகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன.

சிகரெட்டோடு வைத்துப் பார்த்தால் குறைவுதான், மறுக்கவில்லை. புகையிலைப் புகையில் 7,000-க்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள். அவற்றில் 70 அளவுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை. வேப்பில் எதுவும் எரிவதில்லை என்பதால் தார் இல்லை, கார்பன் மோனாக்சைடு இல்லை. ஆனால் சிகரெட் பக்கத்தில் நிற்க வைத்தால் எதுதான் நல்ல பிள்ளையாகத் தெரியாது? ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர் இன்றைய வடிவிலான மின்சிகரெட்டை உருவாக்கியது 2003-இல். நுரையீரல் புற்றுநோய் வெளியே தெரிய இருபது, முப்பது வருடம் எடுக்கும். மேகக்கூட்டத்தின் மூன்று வருடத்தை வைத்து எந்தத் தீர்ப்பும் எழுத முடியாது.

ஈரத்தீக்குச்சிக்கு: பாதி வழி என்பது எண்ணிக்கையில் சரி. இதயம் அப்படி எண்ணுவதில்லை. 2018-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் பல நீண்டகால ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. நாளுக்கு 20 புகைப்பவருக்கு எவ்வளவு கூடுதல் இதயநோய் ஆபத்தோ, அதில் ஏறத்தாழ பாதி ஒரே ஒரு சிகரெட் பிடிக்கும் ஆணுக்கே வந்துவிடுகிறது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதற்கும் ரத்தக்குழாயின் உட்சுவர் கெடுவதற்கும் கொஞ்சம் புகையே போதும். 15-ஐ 7 ஆக்கியதில் நுரையீரல் புற்றுநோய்க் கணக்கு கொஞ்சம் இறங்கும். மாரடைப்புக் கணக்கு அந்த அளவுக்கு இறங்காது. அதிலும் எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் ஒவ்வொன்றையும் ஆழமாக, அடிவரை இழுப்பார்கள். நீங்கள் இழுப்பதைக் கவனித்துப் பாருங்கள்.

சும்மாவந்தவன்

என் தாத்தா 88 வயது வரை சுருட்டு பிடித்தவர். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல் மிதித்ததில்லை. எல்லாம் தலையெழுத்து சார்.

கணக்கப்பிள்ளை

தாத்தாவுக்கு வணக்கம். அவரோடு சேர்ந்து புகைக்கத் தொடங்கியவர்கள் எத்தனை பேர் 88-ஐப் பார்த்தார்கள் என்று அவரிடம் எப்போதாவது கேட்டீர்களா? போனவர்கள் கதை சொல்ல வரமாட்டார்கள். அதனால்தான் எல்லார் வீட்டிலும் ஒரு சுருட்டுத் தாத்தா இருக்கிறார்.

அதைக் கேட்பதற்கென்றே ஓர் ஆய்வு நடந்தது. பிரிட்டனில் 1951-இல் ரிச்சர்ட் டோலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் டாக்டர்களுக்கே கடிதம் எழுதி, நீங்கள் புகைக்கிறீர்களா என்று கேட்டார்கள். பதில் எழுதிய 34,439 ஆண் டாக்டர்களை 50 வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 2004-இல் வந்த முடிவு: விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள். 60 வயதில் விட்டவருக்கு அதில் சுமார் 3 வருடம் திரும்பக் கிடைத்தது. 50-இல் விட்டவருக்கு 6, 40-இல் 9, 30-இல் ஏறக்குறைய முழுப் பத்தும். ஈரத்தீக்குச்சி 36 என்கிறார். நான் அவருடைய ஆடிட்டராக இருந்தால் இந்த வருடமே கணக்கை முடிக்கச் சொல்வேன்.

டோலும் முன்பு புகைத்தவர்தான். இதற்கு முந்தைய தன் ஆய்வில் வந்த எண்களைப் பார்த்து நிறுத்தினார். 92 வயது வரை இருந்தார்.

மாடிப்படி

எனக்கு 61. முப்பத்தெட்டு வருடம் புகைத்தேன், விட்டு ஏழு வருடம் ஆகிறது. இங்கே எல்லாரும் சாவைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குப் புற்றுநோய் வரவில்லை, மாரடைப்பும் இல்லை. எம்ஃபிசீமா. நுரையீரலின் காற்றுப்பைகள் கிழிந்து ஒன்றோடொன்று சேர்ந்து தொளதொளத்துப் போவது.

மூச்சை உள்ளே இழுப்பதுதான் கஷ்டம் என்று நினைப்பீர்கள். வெளியே விடுவதுதான் கஷ்டம். பழைய காற்று வெளியேறாமல் உள்ளேயே நிற்கும், புதுக் காற்றுக்கு இடம் இருக்காது. ஒரு குழாயில் ஊதச் சொல்லி அளந்தார்கள். ஊது ஊது, இன்னும் ஊது என்று அந்தப் பெண் சத்தம் போடுகிறாள், எனக்குக் கண் இருட்டுகிறது. என் வயதுக்காரருக்கு இருக்க வேண்டியதில் 46 சதவீதம் என்று வந்தது.

எங்கள் வீட்டுக்கு மாடிப்படி 17. ஒன்பதாவது படியில் நிற்பேன். முதலில் போன் வந்த மாதிரி நடித்தேன். பிறகு சாவியைத் தேடுகிற மாதிரி. இப்போது நடிப்பதில்லை, சும்மா நிற்கிறேன். நடந்துகொண்டே பேச முடியாது, இரண்டில் ஒன்றுதான். குனிந்து செருப்பு மாட்டினால் மூச்சு முட்டும். வாளியில் தண்ணீர் பிடித்தால் அரை வாளிதான். பேரன் ஓடினால் பின்னால் ஓட முடியாது என்பதால், அவனை வெளியே கூட்டிப் போக என்னிடம் விடமாட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

விட்டதால் என்ன பயன் என்று கேட்டால், கிழிந்த பைகள் திரும்ப முளைக்காது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் நிறுத்தினால் சரிவு மெதுவாகும், வயதானால் எல்லோருக்கும் குறைகிற வேகத்துக்குப் பக்கத்தில் வரும் என்றார். அப்படித்தான் ஆயிற்று. அந்த 46 இப்போது 43. அன்றைக்கு விடாமல் இருந்திருந்தால் இதை ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

தம்பி, படியேறும்போது இப்போது எங்கே நிற்கிறீர்கள்?

ஈரத்தீக்குச்சி

ஐயா, மூன்றாவது மாடியில். போன் வந்த மாதிரி நடிப்பதும் உண்டு.

மேகக்கூட்டம்

மாடிப்படி ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் அது சிகரெட்டின் கதை. வேப் விஷயத்தில் ஒருதலையாகப் பேசாதீர்கள். 2019-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு இருக்கிறது. விட நினைத்த 886 பேரில் ஒரு பாதிக்கு வேப், மறுபாதிக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச், நிகோடின் சூயிங்கம் மாதிரியானவை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வேப் பக்கம் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள், மற்ற பக்கம் 9.9 சதவீதம். கணக்கப்பிள்ளைக்கு இந்தக் கணக்கு மட்டும் தெரியாதோ?

மாத்திரைப்பெட்டி

நான் மருந்தாளுநர். மேகக்கூட்டம் சொன்ன எண்கள் சரி, அதே ஆய்வில் அடுத்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படி விட்டவர்களில் வேப் பக்கத்தில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பக்கத்தில் பேட்ச், சூயிங்கத்தைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம். அதாவது சிகரெட்டிலிருந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் நிகோடினிலிருந்து இறங்கவில்லை. முழுசாக மாறியவருக்கு அது லாபம்தான், சந்தேகமில்லை. இந்த இழையைத் தொடங்கியவர் மாறவில்லை, இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டார்.

இன்னொரு விஷயம் திரவத்தில் என்ன இருக்கிறது என்பது. 2019-இல் அமெரிக்காவில் திடீரென்று இளைஞர்கள் மூச்சுத்திணறலோடு வந்து விழுந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,800 பேருக்கு மேல் மருத்துவமனையில், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த திரவங்கள்; அவற்றில் கெட்டிப்பதற்காகச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். வைட்டமின்தான், விழுங்கினால் ஒன்றும் செய்யாது. நுரையீரலுக்குள் போனதுதான் வினை. சாப்பிடத் தகுந்தது எல்லாம் இழுக்கத் தகுந்தது ஆகாது. வாசனைப் பொருள்களுக்கும் இது பொருந்தும்.

சரி, விடுவதற்கு வருகிறேன். வெறும் மன உறுதியை மட்டும் நம்பி விடுபவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர். இது உங்கள் குணத்தைப் பற்றிய சான்றிதழ் இல்லை, நிகோடினைப் பற்றியது. மருந்து இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்ச்: நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர் பொதுவாக 21 மி.கி.யில் தொடங்கி, ஆறு வாரம் கழித்து 14, பிறகு 7 என்று இறங்குவார். காலையில் ஒட்டி, இடத்தைத் தினமும் மாற்ற வேண்டும். கெட்ட கனவு வந்தால் இரவில் எடுத்துவிடலாம். அது நிகோடினைச் சொட்டுச் சொட்டாகத் தரும். திடீரென்று வருகிற தவிப்புக்குச் சூயிங்கமோ சப்பும் மாத்திரையோ கூடவே வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நன்றாக வேலை செய்கிறது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்றால் சூயிங்கம் 4 மி.கி., இல்லாவிட்டால் 2.

சூயிங்கத்தைத்தான் எல்லோரும் தப்பாக மெல்கிறார்கள். மிட்டாய் மாதிரி மென்று தள்ளினால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல்தான் வரும். மெதுவாக மென்று, நாக்கில் சுரீர் என்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுரீர் அடங்கியதும் மறுபடி நாலு மெல். அரை மணி நேரம் இப்படி. அதற்குக் கால் மணி முன்பிருந்து காபி, பழச்சாறு வேண்டாம். வாயில் அமிலம் இருந்தால் நிகோடின் உறிஞ்சப்படாது. 'எனக்குச் சூயிங்கம் வேலை செய்யவில்லை' என்று வருபவர்களிடம் மென்று காட்டச் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

மாத்திரைகளில் வரெனிக்லின் நன்றாக வேலை செய்கிறது. மூளையில் நிகோடின் போய் உட்காரும் இடத்திலேயே (ஏற்பி என்பார்கள்) இது அரைகுறையாக உட்கார்ந்துகொள்ளும். தவிப்பும் குறையும், மீறிப் புகைத்தால் ருசியும் இருக்காது. விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வயிறு நிறைந்திருக்கும்போது போட்டால் குமட்டல் குறையும். விசித்திரக் கனவு வரலாம். மனநிலையைக் கெடுக்கும் என்று ஒரு பயம் இருந்தது. எட்டாயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில் அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பியூப்ரோப்பியான் என்று இன்னொன்று உண்டு, வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. எதுவானாலும் டாக்டரிடம் சிகரெட், வேப் இரண்டின் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வேப்பைச் சொல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

ஈரத்தீக்குச்சி

அடுத்த திங்கள் என்று தேதி வைத்துவிட்டேன், இரண்டையும் ஒரே நாளில். டாக்டர் பேட்சும் சூயிங்கமும் எழுதித் தந்திருக்கிறார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நல்லதா, ஒரே வெட்டா? எனக்குப் பெரிய பயம் டென்ஷன்தான். வேலையில் பிரச்சினை வந்தால் ஒரு தம் போட்டுவிட்டு வந்தால்தான் மூளை ஓடும். அது இல்லாமல் எப்படி என்று யோசித்தாலே கை தேடுகிறது.

ஐந்தாவதுமுறை

என் பெயரிலேயே என் வரலாறு இருக்கிறது. நாலு தடவை விட்டுத் திரும்பியவன். விட்டு ஆறு வருடம் ஆகிறது.

ஒரே வெட்டுதான் என் ஓட்டு. 2016-இல் ஓர் ஆய்வில் இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, ஒரே நாளில் விட்டவர்களில் 22 சதவீதம் நின்றார்கள், குறைத்துக் குறைத்து விட்டவர்களில் 15.5 சதவீதம். குறைக்கும்போது மிச்சமிருக்கும் ஒவ்வொரு சிகரெட்டும் தங்கம் மாதிரி ஆகிவிடும். நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்போம். என் மூன்றாவது தோல்வி அப்படித்தான். நாளுக்கு நாலு என்று ஆக்கி, அந்த நாலுக்காகவே வாழ்ந்தேன்.

டென்ஷன் விஷயம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு தடவை தேவைப்பட்டது. புகையை இழுத்தால் பத்து, இருபது நொடியில் நிகோடின் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். இறங்க இறங்க எரிச்சல், படபடப்பு, கவனம் சிதறல். இதெல்லாம் பற்றாக்குறையின் அறிகுறி. நாம் அதற்கு 'டென்ஷன்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அடுத்த சிகரெட் அதைத் தீர்க்கிறது. ஆஹா, டென்ஷன் போயிற்று! முந்தைய சிகரெட் வைத்த தீயை அடுத்தது அணைக்கிறது, அணைத்ததற்கு நன்றி வேறு சொல்கிறோம். புகைக்காதவர் மேசையிலும் அதே பிரச்சினைதான் கிடக்கிறது. அவருக்கு அதோடு இந்தப் பற்றாக்குறை இல்லை.

விட்டவர்களின் மனநிலையை அளந்து பார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. ஆனால் முதல் வாரத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் நான் அடித்திருப்பேன். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். நாலு வாரத்துக்குள் பெரும்பகுதி அடங்கும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடம்தான் நிற்கும். கடிகாரத்தைப் பார்த்துப் பழகுங்கள். நான் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவேன், அல்லது கட்டடத்தை ஒரு சுற்று நடப்பேன்.

பசிக்கும். எடையும் கூடும், விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ. மலச்சிக்கல், வாய்ப்புண், இருமல் கொஞ்சம் கூடுவது எல்லாம் வரலாம், பயப்பட வேண்டாம். ஆனால் இருமலில் ரத்தம் வந்தால், வாரக்கணக்கில் நின்றால், காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

ஈரத்தீக்குச்சி

மூன்றாம் நாள். உயிரோடு இருக்கிறேன், வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் என்னால் ஆபத்து. காலையிலிருந்து கை லேசாக நடுங்குகிறது, நெஞ்சு படபட என்கிறது, இரவு தூக்கமே இல்லை. பேட்ச் ஒட்டியும் இப்படியா? நாளுக்கு ஐந்து காபி குடிப்பதுதான் ஒரே ஆறுதல்.

மாத்திரைப்பெட்டி

அந்த ஐந்து காபிதான்! புகையில் உள்ள பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடும். காபியின் கஃபீனை உடைத்து வெளியேற்றுவது அதே நொதி. புகைத்த காலத்தில் உங்கள் உடம்பு கஃபீனை மளமளவென்று எரித்துக்கொண்டிருந்தது. இப்போது புகை இல்லை, நொதி பழைய வேகத்துக்கு இறங்குகிறது. அதே ஐந்து காபி இப்போது ரத்தத்தில் இரண்டு மடங்கு போல நிற்கும். நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை என்று எல்லாமே நிகோடின் பற்றாக்குறை மாதிரியே இருக்கும். பலர் இதை 'என்னால் முடியவில்லை' என்று நினைத்துத் திரும்பிப் போகிறார்கள். பாதியாகக் குறையுங்கள், மதியத்துக்குப் பிறகு வேண்டாம்.

இதைப் படிக்கிற வேறு யாருக்காவது: தியோஃபிலின், குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர்கள் புகைப்பதை நிறுத்தப் போவதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மருந்துகளும் இதே வழியில்தான் போகின்றன. அளவை மாற்ற வேண்டி வரும்.

பக்கத்துஅறை

நான் புகைப்பவள் இல்லை, புகைப்பவரோடு வாழ்பவள். இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஜன்னல் பக்கம் நின்று பிடித்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்கிறார். உண்மையா?

இன்னொன்று, அவருடைய வேப் திரவப் புட்டியை எங்கள் மூன்று வயதுப் பையன் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பழ வாசனை, பழப் படம். வாயில் வைப்பதற்குள் பிடுங்கிவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த நடுக்கம் இன்னும் போகவில்லை.

கணக்கப்பிள்ளை

அம்மா, ஜன்னல் கதை உண்மை இல்லை. புகை அறைக்கு அறை போகும், திரைச்சீலையில், மெத்தையில் படிந்து பிறகும் வெளிவரும். ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர் 1981-லேயே காட்டினார், தானே புகைக்காத மனைவிகளுக்குக் கணவர் புகைத்தால் நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று. பிறர் விட்ட புகையால் மட்டும் உலகில் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மாத்திரைப்பெட்டி

பக்கத்துஅறைக்கு: நல்ல வேளை பிடுங்கினீர்கள். அந்தத் திரவம் சின்னக் குழந்தைக்குக் கொஞ்சம் போனாலே ஆபத்து, தோலில் கொட்டினாலும் உள்ளே போகும். வாந்தி, வெளிறல், எச்சில் வழிதல், தள்ளாட்டம், வலிப்பு என்று எது தெரிந்தாலும், ஏன் குடித்தான் என்ற சந்தேகம் வந்தாலே, உடனே அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. புட்டியையும் கையோடு கொண்டு போங்கள். பயன்படுத்திய பேட்சையும் மடித்து ஒட்டித்தான் குப்பையில் போட வேண்டும், அதில் மிச்சம் இருக்கும்.

சும்மாவந்தவன்

ஒரு பழக்கத்தை விட இத்தனை பேர், இத்தனை மருந்தா. எங்கள் காலத்தில் வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஐந்தாவதுமுறை

அப்படி விட்டவர்களும் இருக்கிறார்கள் அண்ணா. நாலு தடவை அப்படித்தான் நானும் விட்டேன்.

ஈரத்தீக்குச்சி

பதினாறாம் நாள். எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு நண்பரின் வழியனுப்பு விழா. எல்லோரும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு பிடித்தேன். தலை சுற்றியது, நன்றாகவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் 'சரி, கெட்டுப் போச்சு, இனி என்ன' என்று ஒரு பாக்கெட் வாங்க நின்றேன். வாங்கவில்லை, ஆனால் நின்றேன். கணக்கு மறுபடி பூஜ்ஜியமா?

ஐந்தாவதுமுறை

இரண்டு சிகரெட் என்பது இரண்டு சிகரெட். பதினாறு நாளில் நீங்கள் பிடிக்காதவை நூற்றுக்கு மேல். அந்த 'இனி என்ன'தான் ஆள்விழுங்கி. என் முதல் மூன்று தோல்வியிலும் என்னை வீழ்த்தியது பிடித்த சிகரெட் இல்லை, மறுநாள் காலை வாங்கிய பாக்கெட். வாங்காமல் வந்தீர்கள் இல்லையா, அதைத்தான் எழுதி வைக்க வேண்டும்.

பேட்சை எடுத்துவிடாதீர்கள், நாளையும் ஒட்டுங்கள். அப்புறம் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே, யார், குடித்திருந்தீர்களா, பையில் சூயிங்கம் இருந்ததா. என்னைத் திரும்பத் திரும்ப மாட்டிவிட்டது மது. மூன்று மாதம் அதையும் தள்ளி வைத்தேன்.

ஈரத்தீக்குச்சி

குடித்திருந்தேன். சூயிங்கம் வேறு சட்டையில்.

மாடிப்படி

தம்பி, எல்லாச் சட்டையிலும் வைத்துவிடுங்கள். நான் செருப்பு அலமாரியில்கூட வைத்திருந்தேன்.

ஈரத்தீக்குச்சி

பதினோராவது வாரம். மாடிப்படி ஐயா கேட்டதற்கு இப்போது பதில்: மூன்றாவது மாடியில் நிற்கவில்லை. ஐந்தாவது வரை போய்ப் பார்த்தேன், மூச்சு வாங்கியது, ஆனால் போன் வந்த மாதிரி நடிக்கவில்லை. பேட்ச் முடிந்துவிட்டது. எடை 3 கிலோ கூடிவிட்டது, பேன்ட் இடுப்பில் சண்டை போடுகிறது. மனைவிக்கு நான் மூக்கைச் சிந்தாமல் தூங்குவதே பெரிய செய்தி. சிகரெட்டை இப்போது அவ்வளவாக நினைப்பதில்லை. வேப்பைத்தான் இன்னும் கை தேடுகிறது, அதிலும் படுத்ததும். சிகரெட்டை விட்டதைவிட அதை விட்டதுதான் கஷ்டமாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

மேகக்கூட்டம்

நம்புகிறேன். இந்த இழையில் அதிகம் வாதாடியவன் நான்தான், அதனால் கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. போன வாரம் சார்ஜர் தொலைந்துபோய் ஆறு மணி நேரம் வேப் இல்லாமல் இருந்தேன். அலுவலகத்தில் ஒரு சின்னப் பையனைக் காரணமே இல்லாமல் திட்டிவிட்டேன். சிகரெட் காலத்தில்கூட இப்படி இருந்ததில்லை. இதை மட்டும் விட என்ன வழி? இதற்கும் பேட்ச் உண்டா?

மாத்திரைப்பெட்டி

கூச்சம் வேண்டாம். இப்போதைய வேப் பலவற்றில் நிகோடினை உப்பு வடிவில் வைக்கிறார்கள். தொண்டையில் காரல் இல்லாமல் நிறைய உள்ளே போகும், சிகரெட் மாதிரி முடிந்தது என்று சொல்ல ஒரு துண்டும் மிஞ்சாது. அதனால்தான் அளவே தெரிவதில்லை. பேட்சும் சூயிங்கமும் உங்களுக்கும் பயன்படும். புட்டியில் உள்ள நிகோடின் அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு புட்டி எத்தனை நாள் வருகிறது என்றும் பார்த்து டாக்டரிடம் போங்கள். படிப்படியாக இறங்குவதானால் திரவத்தின் நிகோடின் அளவைக் குறைக்கலாம், ஆனால் குறைந்ததை ஈடுகட்ட அதிகம் இழுக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: திரும்பச் சிகரெட்டுக்குப் போய்விடுவோம் என்று தோன்றினால் நிதானமாகவே இறங்குங்கள், அவசரம் இல்லை.

ஈரத்தீக்குச்சி

டாக்டரைப் பார்ப்பதற்குள் இன்றிரவே ஒன்று செய்யலாம். நான் முதலில் அதைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றினேன். சார்ஜரைச் சமையலறையில் செருகிவிட்டு வந்து படுத்தேன். முதல் இரவு இரண்டு தடவை எழுந்து போனேன். மூன்றாவது இரவு சோம்பல் ஜெயித்துவிட்டது.

மேகக்கூட்டம்

சார்ஜர் இப்போது சமையலறையில். நாளைக் காலை வந்து எத்தனை தடவை எழுந்தேன் என்று சொல்கிறேன்.